கழுத்து டாக்டரம்மாவும் ஓடாத படமும்

என் தாடையை முதல் முதலா கட்டிப் போட்டவங்க அந்தம்மாதான். என் பொண்டாட்டி கல்யாணமான நாள்லேர்ந்து முயற்சி பண்ணி, முடியாம விட்டுட்ட வேலை அது.

எனக்குப் பாண்டிச்சேரியில, சாரம் ஏரியாவுல ஹார்டுவேர் கடை. மேல் ரேக்குல இருக்கிற பெயிண்ட் டப்பாவை அண்ணாந்து பார்க்கிறதும், கீழ கிடக்கிற ஆணியைக் குனிஞ்சு அள்ளுறதுமா இருந்து இருந்து கழுத்து தேஞ்சு போச்சு. எக்ஸ்ரேவை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்த டாக்டர், "நெல்லித்தோப்புல ஒரு பிசியோதெரபி அம்மா இருக்காங்க, கழுத்தை இழுத்து விடுவாங்க, போங்க"ன்னாரு. போனா படம் பார்க்கணும்னு அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல.

ஒரே ரூம். ரெண்டு கட்டில். ஒரு கட்டிலோட தலைமாட்டுச் சுவத்துல கழுத்து இழுக்கிற மெஷினை போல்ட் போட்டு இறுக்கியிருந்தாங்க. இன்னொண்ணு கரண்ட் வைக்கிறவங்களுக்கு. எதிர்ச் சுவத்துல உசரத்துல ஒரு டிவி. அந்தம்மா குள்ளம், நாப்பது வயசு இருக்கும், கை மட்டும் தச்சர் கை மாதிரி முறுக்கா இருக்கும். என்னைப் படுக்க வெச்சு, தாடைக்கு அடியில வாரைப் போட்டு மெஷின்ல மாட்டி, "இருபது நிமிஷம்ணே, அசையக் கூடாது"ன்னு சொல்லிட்டு ரிமோட்டை எடுத்தாங்க. டிவியில குதிரை வந்துச்சு. அப்புறம் இன்னும் குதிரை வந்துச்சு. அப்புறம் இரும்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரங்க மணல்ல நடந்தாங்க, நடந்தாங்க, நடந்துக்கிட்டே இருந்தாங்க. "நியூஸ் போடுங்கம்மா"ன்னு சொல்லப் பார்த்தேன். வார் கட்டின வாய்லேர்ந்து "ம்ம்ம்"னு மட்டும்தான் வந்துச்சு.

"பிடிச்சிருக்கில்ல? போகப் போக இன்னும் பிடிக்கும்ணே"ன்னாங்க.

இப்ப அவங்க ஊர்ல இல்ல. வீட்டுக்காரருக்கு மாத்தலாகிக் கோயம்புத்தூர் பக்கம் போயிட்டாங்க. நான் வேற எடத்துல கழுத்தை இழுத்துக்கிறேன். அங்க டிவியில சீரியல் ஓடுது. கழுத்து என்னவோ சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் அந்த எடம் ஒட்டல.

படத்தோட பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களா இருந்தா, "அதுவா, அந்த ஃப்ளாப்பா?"ன்னு கேப்பீங்க, எனக்குக் கோவம் வரும். அதனால சொல்லல. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த சிலுவைப் போரைப் பத்தின படம். மலை மேல ஒரு மதில் ஊரு. கிறிஸ்தவப் படை "இது எங்க சாமி ஊரு"ங்குது. சுல்தான் படை "அதெல்லாம் இல்ல, எங்க சாமி ஊரு"ங்குது. நடுவுல மாட்டிக்கிட்ட ஊர்க்காரங்க, "தண்ணி எப்ப விடுவீங்க?"ன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேக்கிறாங்க. அவ்ளோதான் கதை. அதுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஓடும்.

தியேட்டர்ல வந்தப்போ அவ்ளோ நேரம் ஓடலயாம். எடுத்த கம்பெனியே ஒரு மணி நேரத்தை வெட்டித் தூக்கிப் போட்டுட்டு ரிலீஸ் பண்ணிச்சாம். படம் வந்த வேகத்துல படுத்துடுச்சு. அப்புறம் முழுப் படத்தையும் டிவிடியா விட்டாங்க. அதைப் பார்க்க உலகத்துல ஆள் இல்ல. அந்தம்மா பார்த்தாங்க.

"முதுகுத்தண்டுல நாலு எலும்பை உருவி எடுத்துட்டு, ஏன்டா நடக்க மாட்டேங்குறேன்னு ஒருத்தனைக் கேட்டா எப்படிண்ணே? அதைத்தான் பண்ணாங்க இந்தப் படத்தை"ம்பாங்க. சொல்லும்போது அவங்க குரல்ல அப்படி ஒரு ஆத்திரம் இருக்கும், கட்டில்ல படுத்திருக்கிற நம்மதான் அந்த எலும்பை உருவின மாதிரி பார்ப்பாங்க.

கல்யாணம் நிச்சயமானதும் வருங்கால வீட்டுக்காரரோட அவங்க பார்த்த முதல் படம் இதுதானாம். வெட்டின படம். தியேட்டர்ல விரல் விட்டு எண்ணுற கூட்டம், அதுல பாதிப் பேரு ஏசிக்கு வந்தவங்க. இடைவேளைக்கு முன்னாடியே மாப்பிள்ளை தூங்கிட்டாரு.

"தூங்கினவரை எப்படிம்மா கட்டிக்கிட்டீங்க?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"எழுந்ததும் 'சாரிங்க, நான் தூங்கிட்டேன்'னு நேராச் சொன்னாருண்ணே. 'படம் சூப்பர்'னு பொய் சொல்லியிருந்தா அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருப்பேன்."

அதுதான் அவங்க. படம் பிடிக்கலன்னு சொல்லலாம், சண்டைக்கு வருவாங்க, டீ வாங்கிக் குடுத்துச் சண்டை போடுவாங்க. ஆனா அரைகுறையா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போச்சு. நான் ஒருதரம் வாரைக் கழட்டினதும் வாய் சும்மா இல்லாம, "பரவால்லம்மா, சுமாரா இருக்கு"ன்னுட்டேன். மறுநாள் மெஷின்ல ஒரு பட்டனைக் கூடுதலா அமுக்கின மாதிரி எனக்கொரு சந்தேகம். கழுத்து ஒட்டகச்சிவிங்கி கணக்கா நீளுது. "வலிக்குதாண்ணே?"ன்னு கேட்டாங்க. "ம்ம்"னேன். "எப்படி வலிக்குது, சுமாராவா?"ன்னாங்க. அன்னிலேர்ந்து அந்த வார்த்தையை நான் கடையில கஸ்டமர்கிட்டகூடச் சொல்றதில்ல.

சரித்திரம் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எந்த ராஜா எந்த வருஷம்னு கேட்டா முழிப்பாங்க. காலேஜ் வாத்தியாரு ஒருத்தரு முதுகுவலிக்கு வந்தவரு, "அந்தக் காலத்துல அப்படிப்பட்ட தலைக்கவசமே கிடையாது மேடம்"னு ஆரம்பிச்சாரு. "அப்படியா சார், திரும்பிப் படுங்க"ன்னுட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அந்தப் படம் மட்டும்தான், அதை நோயாளியோட உடம்பைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு எடமா அழுத்திப் பார்த்து வெச்சிருந்தாங்க.

ஹீரோவுக்கு மூஞ்சியில ஒண்ணுமே வரலன்னு உலகமே திட்டிச்சாம். "எல்லாரும் செத்துக் கிடக்கிற ஊர்ல வந்து நிக்கிறான். மூஞ்சியில என்னண்ணே வரணும்? டான்ஸா?"ம்பாங்க.

அவங்க உசிரை விடுற எடம் ஒண்ணு உண்டு. வெட்டித் தூக்கிப் போட்ட ஒரு மணி நேரத்துல இருந்தது அது. பெரிய சண்டை முடிஞ்சு மறுநாள் ரெண்டு படையும், செத்தவங்களை எடுத்துக்கலாம்னு கத்தியைக் கீழ வெக்குது. ஒரு செத்த குதிரை. அதுக்கு அடியில ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம். கிறிஸ்தவப் படையில ஒரு கிழவன் வரான், சுல்தான் படையில ஒரு கிழவன் வரான். ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது. ஒருத்தனால குதிரையைத் தூக்க முடியாது. ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குறாங்க. அவன் அவன் பையனை இழுத்துக்கிறான், இவன் இவன் பையனை இழுத்துக்கிறான். ஒரு நன்றி கிடையாது, கண்ணோட கண்ணு பார்க்கிறது கிடையாது, பாட்டு கிடையாது. ஈ மொய்க்கிற சத்தம் மட்டும்தான். ரெண்டு பேரும் திரும்பிப் போயிடுறாங்க.

அந்த எடம் வந்தா அந்தம்மா வேலையை நிறுத்திடுவாங்க. கையில எண்ணெய் வழியும், கட்டில்ல ஆள் காத்துக்கிட்டு கிடப்பாரு. நான் முதல் தரம் பார்த்தப்போ கண்ணுல தண்ணி வந்து காதுக்குள்ள இறங்கிச்சு. துடைக்க முடியாது, அசையக் கூடாதில்ல. அவங்களே டவலால துடைச்சு விட்டுட்டு ஒண்ணும் கேக்காம போனாங்க.

சரி, வம்புக்கு வரேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். யாரு எதுவரைக்கும் பார்த்தாங்கன்னு அந்தம்மா மனசுலயே வெச்சிருப்பாங்க, மெஷின்ல மாட்டினவரு விட்ட எடத்துலேர்ந்துதான் போடுவாங்க. ஆனா பக்கத்துக் கட்டில்ல கரண்ட் வெச்சிருக்கிறவருக்கு அவருக்குன்னு எடம் கிடையாது. பக்கத்து ஆளு பார்க்கிறதைத்தான் அவரும் பார்க்கணும். அதுவும் நம்ம ஆளுங்க, வலி கொஞ்சம் குறைஞ்சா நின்னுடுவாங்க, மறுபடி பிடிச்சா வருவாங்க. இப்படியே நெல்லித்தோப்புல ஆளுக்கு ஒரு துண்டு படம் பார்த்துட்டு, முழுப் படமும் பார்த்த மாதிரி திரிஞ்சாங்க.

மாதா கோயில்ல பாட்டுக்குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிற மாஸ்டர் ஒருத்தரு, கரண்ட் கட்டில்காரரு. அவரு வர நேரத்துக்கு எப்பவும் பக்கத்துல மெஷின்ல புது ஆளு. அதனால அவரு பார்த்ததெல்லாம் முதல் பாதி, கிறிஸ்தவப் படை சந்தைக்குள்ள புகுந்து பொம்பளை, பிள்ளைன்னு பார்க்காம வெட்டுற பாதி. கண்ணாடிக் கடை பாய்க்கும் கரண்ட்தான், சாயந்தரம் வருவாரு. அந்நேரத்துக்கு மெஷின்ல பழைய ஆளு. அவரு பார்த்தது ரெண்டாம் பாதி, சுல்தான் படை கோதுமைக் கிடங்கைக் கொளுத்திட்டுச் சிரிக்கிற பாதி. ஒருநாள் ரெண்டு பேரும் வாசல்ல செருப்பு விடுற எடத்துல பார்த்துக்கிட்டாங்க.

"எங்காளுங்களை ராட்சசன் மாதிரி காட்டியிருக்கான் பாய். உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்குமே"ன்னாரு மாஸ்டர்.

"என்ன மாஸ்டர் பேசுறீங்க? எங்காளுங்களைத்தான் அப்படிக் காட்டியிருக்கான். நீங்க எந்தப் படத்தைப் பார்த்தீங்க?"

யாருக்கு அவமானம் அதிகம்ங்கிறதுல ஆரம்பிச்சது, தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பேரும் கழுத்துல காலர் பட்டை போட்டிருந்ததால, கத்துறதுக்கு மொத்த உடம்பையும் திருப்பித் திருப்பிக் கத்தினாங்க. முட்டி வலிக்கு வந்த, நெத்தி நிறைய விபூதி பூசின ரிட்டயர்டு டீச்சரம்மா இடையில புகுந்து, "உங்க ரெண்டு பேரையும் இவ்ளோ செலவு பண்ணி எடுத்திருக்கான். எங்களைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? திட்டியாவது ஒரு வார்த்தை?"ன்னு தன் பங்குக்குக் குறைப்பட்டாங்க.

நம்ம பக்கத்து வழக்கம் ஒண்ணு இருக்கு. டாக்டர் மேல குறைன்னா டாக்டர்கிட்ட சொல்ல மாட்டோம், வீட்டு ஓனர்கிட்ட போய்ச் சொல்வோம். சொன்னாங்க. மாடியில இருந்த ஓனரு பழைய பிரெஞ்சுக் குடும்பம். தெருவே அவரை ஐயாவுக்குப் பதிலா "மிசியே"ன்னுதான் கூப்பிடும். அவரு எல்லாப் பொம்பளைங்களையும் "மதாம்"னுதான் கூப்பிடுவாரு, கீரைக்காரம்மா உள்பட. கோயில் காரியங்கள்ல முன்னாடி நிக்கிறவரு. கெட்ட மனுஷன் இல்ல, வம்புன்னா மட்டும் பயம்.

"மதாம், என் வீட்டுக்குள்ள சிலுவைப் போர் வேணாம்"னாரு.

"டிவியிலதான மிசியே நடக்குது?"

"நேத்து வாசப்படியில நடந்துச்சே. படத்தை நிறுத்துங்க, இல்லன்னா எடத்தைக் காலி பண்ணுங்க."

அந்தம்மா மூஞ்சி செத்துப் போச்சு. அதுக்கு முன்னாடி பல வருஷம் ஸ்கூட்டியில வீடு வீடாப் போய்க் கை கால் பிடிச்சு விட்டவங்க. மழையில, வெயில்ல, நாய் துரத்த. தன் பேருல ஒரு போர்டு மாட்டி, தன் மெஷினைத் தன் செவுத்துல முடுக்கின முதல் எடம் இதுதான். அந்தப் போர்டைத் தினமும் காலையில ஈரத்துணி போட்டுத் துடைப்பாங்க, அதை நான் பார்த்திருக்கேன்.

"மிசியே, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரும் வாங்க. முழுசாப் பாருங்க. பார்த்த பிறகு ஒரே ஒருத்தர் இது யாரையாவது கேவலப்படுத்துதுன்னு சொன்னா, நானே காலி பண்ணிடுறேன்"னாங்க.

ஞாயித்துக்கிழமை வாடகை நாற்காலி போட்டாச்சு. மசால் வடை வந்துச்சு. மாஸ்டர், பாய், டீச்சரம்மா, மிசியே, நான். பாதிப் பேருக்குக் கழுத்துல பட்டை. முறைக்கணும்னா நாற்காலியோட திரும்பணும், அது டர்ர்னு சத்தம் போடும். சந்தையில வெட்டுற எடம் வந்தப்போ மாஸ்டர் நாற்காலி டர்ர்னு பாய் பக்கம் திரும்பிச்சு. கிடங்கைக் கொளுத்தினப்போ பாய் நாற்காலி டர்ர்னு மாஸ்டர் பக்கம் திரும்பிச்சு. அதுக்கப்புறம் எந்த நாற்காலியும் அசையல. குதிரையைத் தூக்குற எடத்துல பாய் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. கண்ணாடிக் கடைக்காரரு கண்ணாடி துடைக்கிறதை ஒரு தடயமா எடுத்துக்க முடியாதுதான். ஆனா ரொம்ப நேரம் துடைச்சாரு.

கடைசியில தண்ணி வத்திப் போயி ரெண்டு படையும் ஊரை விட்டே போயிடுது. ஊரே காலி. திறந்து கிடக்கிற கோட்டை வாசல் வழியா ஒரே ஒரு ஆடு உள்ள வந்து, ராஜா மேடையில முளைச்ச புல்லை மேயுது. படம் முடிஞ்சுது.

"ஆட்டுக்கா?"ன்னாரு மாஸ்டர். "மூணு மணி நேரம் இத்தனை பேரு செத்து, ஊரு ஒரு ஆட்டுக்கா?"

"அதானே! வெள்ளாட்டுக்குப் போய்..."ன்னாரு பாய்.

"கேவலம்னு சொல்ல முடியாது. ரெண்டு பேரையும் சமமாத்தான் அடிச்சிருக்கான்"னாரு மாஸ்டர். "ஆனா படம் ரம்பம் பாய்."

"சரியான ரம்பம் மாஸ்டர்"னாரு பாய். ரெண்டு பேரும் ஒரு தட்டுல இருந்து வடை எடுத்துக்கிட்டாங்க. டீச்சரம்மா, "ஆடு நல்லா நடிச்சிருந்துச்சு"ன்னாங்க.

மிசியேவுக்கு நிம்மதி. எழுந்து நின்னு, பிரெஞ்சுல ஒரு 'ஆகட்டும்' போட்டுத் தீர்ப்பு சொன்னாரு. "அலோர், சண்டை முடிஞ்சுது மதாம். யாருக்கும் அவமானம் இல்ல. எல்லாருக்கும் போர் அடிச்சுது, அவ்ளோதான். நீங்களும் 'சுமார் படம்தான்'னு சொல்லிட்டு, நாளையிலேர்ந்து பழைய பாட்டு ஏதாவது போடுங்க. எடம் உங்களுக்குத்தான்."

எல்லாரும் அந்தம்மாவைப் பார்த்தோம். ரொம்பச் சின்ன விஷயம். ஒரு வார்த்தை. நானே கண்ணால ஜாடை காட்டினேன், சொல்லித் தொலைங்கம்மான்னு.

அவங்க செவுத்துல இருந்த மெஷினைப் பார்த்தாங்க. வாசல்ல இருந்த போர்டைப் பார்த்தாங்க. "பிடிக்கலன்னு சொல்லுங்க மிசியே, ஏத்துக்கிறேன். பாட்டும் போடுறேன். ஆனா சுமார்னு என் வாயால சொல்ல மாட்டேன். இது நல்ல படம்"னாங்க.

"மதாம், ஒரு படத்துக்காக யாராவது எடத்தை விடுவாங்களா?"

"படத்துக்காக இல்ல மிசியே. நான் பொய் சொல்லிட்டு நாளைக்கு ஒருத்தரு கழுத்துல கை வெச்சா, அவரு என்னை எப்படி நம்புவாரு?"

மிசியேவுக்கு மானப் பிரச்சினை ஆயிடுச்சு. "அப்ப காலி பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாரு. எனக்கு அவங்க மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பைத்தியமா இந்தப் பொம்பளைன்னு வாய் விட்டே சொன்னேன். வீட்டுக்குப் போயி சாப்பிட உக்காந்தா பெருமையா இருந்துச்சு. அதை யார்கிட்ட சொல்றது?

அரியாங்குப்பத்துல ஒரு எடம் பார்த்தாங்க, ஒரு ஷெட். ஆத்தைத் தாண்டி யாரு கழுத்தைத் தூக்கிக்கிட்டு வருவாங்கன்னு அவங்களுக்கே சந்தேகம்தான். மாசக் கடைசியில லோடு ஆட்டோ வந்துச்சு. மெஷினைக் கழட்ட நான் கடையிலேர்ந்து ஸ்பேனர் கொண்டு போயிருந்தேன். போல்ட் துருப்பிடிச்சு லேசுல வரல. எனக்கென்னவோ அது வராமலே இருந்தா தேவலன்னு இருந்துச்சு. மாஸ்டரும் பாயும் வந்தாங்க, ஆளுக்கு ஒரு கட்டிலைப் பிடிச்சாங்க. ரெண்டு பேரும் கனமான பொருள் தூக்கக் கூடாது, அது அந்தம்மாவே போட்ட கண்டிஷன். "கீழ வெய்யிங்க ரெண்டு பேரும்!"னு அவங்க கத்தினதை யாரும் காதுல வாங்கல.

மிசியே மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தாரு. தபால் பெட்டியைப் பார்க்க வந்த மாதிரி ஒருதரம் இறங்கினாரு. குழாயைப் பார்க்க வந்த மாதிரி இன்னொரு தரம். மூணாவது தரம் பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின் ஆட்டோவுல ஏறியாச்சு, கடைசியா போர்டை நான் தூக்கிக்கிட்டு வரேன். அவரு தொண்டையைச் செருமிக்கிட்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டாரு.

"மதாம். அந்த ஆடு... அது கிறிஸ்தவங்க ஆடா, சுல்தானோட ஆடா?"

அந்தம்மா ஆட்டோ பக்கத்துல அப்படியே நின்னாங்க. வேர்த்த மூஞ்சி முழுக்கச் சிரிப்பு.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க மிசியே?"

"அதான் தெரியல. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தூக்கம் இல்ல. கழுத்துல ஒரு மணி கட்டியிருந்துச்சு, அதைப் பார்த்தா கண்டுபிடிச்சிடலாம்னு தோணுது. இன்னொரு தரம் பார்க்கணும்."

"டிவி அடியில இருக்கே மிசியே. மேல கட்டில், மெஷின்லாம் ஏத்தியாச்சு."

லோடு ஆட்டோக்காரரு எங்க எல்லாரையும் ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, "கெளம்பலாமா, இல்ல எறக்கணுமா?"ன்னாரு.

"எறக்குப்பா"ன்னாரு மிசியே.